பெயர் தெரியாத ஜூனிபர்: ஊசி இலையா, செதில் இலையா?

வடலி (ஸ்கார்பரோ, கனடா)

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் தொட்டியில் வளர்க்கும் இரண்டு ஜூனிபர் (ஊசியிலை மர வகை) போன்சாய் இருக்கு. இரண்டுக்கும் சரியான பெயர் தெரியவில்லை.

முதலாவது, போன கோடையில் சூப்பர் மார்க்கெட் வாசலில் வைத்து விற்றது. சின்னச் சதுரத் தொட்டி, மண்ணுக்கு மேலே கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள். சீட்டில் ‘ஜூனிபர் போன்சாய்’ என்று மட்டும்தான் போட்டிருக்கு. இலை முழுக்க ஊசி. நீலம் கலந்த பச்சை, தொட்டால் குத்தும்.

இரண்டாவது, இங்கத்தைய போன்சாய் சங்க விற்பனையில் ஒரு வயதானவரிடம் வாங்கியது. “ஷிம்பாகு. இட்டோய்கவாவாக இருக்கலாம்” என்றார். ஷிம்பாகு என்பது ஜப்பானியச் செதில் இலை ஜூனிபர், இட்டோய்கவா அதில் ஒரு ரகமாம். வாங்கும்போது இலையெல்லாம் பின்னிய நூல் மாதிரி வழுவழுப்பாக இருந்தது. இந்த வசந்தத்தில் பெரிய கொப்புகளைக் குறைத்த பிறகு உள்பக்கம் எல்லாம் ஊசி ஊசியாக வருது. ஒரே மரத்தில் இரண்டு விதமான இலை. வேறு ரகத்தை ஒட்டுப் போட்டுத் தந்துவிட்டாரோ என்று யோசனையாக இருக்கு. தெரிந்தவர்கள் வடிவாகப் பார்த்துச் சொல்லுங்கோ. படம் கீழே.

நீலகிரிக்காரன் (கோத்தகிரி)

வடலி, முழு மரத்தின் படம் இதற்கு உதவாது. மரத்தின் உருவம் கம்பி கட்டி வளைத்தவர் கொடுத்தது, அதை வைத்து ரகம் சொல்ல முடியாது. ஒரு கிளை நுனியை வெள்ளைத் தாளில் வைத்து, பக்கத்தில் அளவுகோல் வைத்து, கிட்டத்தில் எடுத்துப் போடுங்கள். இலையின் உள்பக்கம் தனியாக, வெளிப்பக்கம் தனியாக. உள்பக்கம் என்றால் குச்சியைப் பார்த்து இருக்கும் பக்கம். வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு ‘வெள்ளைக் கோடே இல்லையே’ என்று எழுதுகிறவர்கள்தான் அதிகம்.

முதல் மரத்தை எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ‘புரோகம்பென்ஸ் நானா’ என்பார்கள். வட அமெரிக்கக் கடைகளில் வெறும் ‘ஜூனிபர்’ சீட்டோடும் ஒட்டிய கல்லோடும் வருவதில் பெரும்பகுதி அதுதான். தெற்கு ஜப்பான் கடற்கரைப் பக்கத்துத் தாவரம், தரையோடு படரும். குச்சியை நட்டால் வேர் பிடிக்கும், சின்ன வயதிலேயே முதிர்ந்த மரம் மாதிரி தெரியும். மொத்தமாக உற்பத்தி செய்து விற்க இதைவிடத் தோதான ஜூனிபர் கிடையாது.

ஆனால் ‘பெரும்பாலும் அதுதான்’ என்பதை அடையாளமாக எடுத்துக்கொள்ள முடியாது. இதைச் சரிபாருங்கள்: ஊசிகள் மூன்று மூன்றாக ஒரே இடத்திலிருந்து கிளம்ப வேண்டும். நீளம் 6 முதல் 8 மி.மீ. உள்பக்கம் வெளிர்நீலப் பட்டை, நடுவில் பச்சை நரம்பு. வெளிப்பக்கத்தில், இலையின் அடியில், ஊசி முனை அளவுக்கு இரண்டு வெள்ளைப் புள்ளிகள். அந்த இரண்டு புள்ளி தெரிந்தால் கிட்டத்தட்ட முடிந்தது.

அப்புறம், ஒட்டிய கல்லை இன்றைக்கே பெயர்த்து எடுங்கள். தண்ணீர் ஓரமாக வழிந்து போகும், நடுவில் வேர்மண் காய்ந்தே கிடக்கும். ஜூனிபர் செத்த பிறகும் வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும். ரகம் பார்ப்பதற்கு முன்னால் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சை ஈரம் தெரிய வேண்டும்.

கம்பியும்_கத்தரியும் (பெங்களூரு)

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் நர்சரியில் புரோகம்பென்ஸ் என்றுதான் கொடுத்தார்கள். ஆனால் நீங்கள் சொல்லும் இரண்டு புள்ளி இல்லை. செடி நல்ல வெள்ளி நீலம், தூரத்திலிருந்தே தெரியும். இலை குட்டை, அடர்த்தி. பழைய இலை பழுப்பாகக் காய்ந்து குச்சியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, உதிர மாட்டேன் என்கிறது. நோயா?

நீலகிரிக்காரன்

நோய் இல்லை. காய்ந்த இலை உதிராமல் நிற்பதே அந்த இனத்தின் அடையாளம். உங்களுடையது ஸ்குவமாட்டா. இவ்வளவு நீலமாக, அடர்த்தியாக இருந்தால் ‘ப்ளூ ஸ்டார்’ ஆக இருக்க வாய்ப்பு அதிகம். இமயமலையிலும் சீனாவிலும் இயற்கையாக வளரும் இனம். புரோகம்பென்ஸில் நீலம் ஒரு சாயல்தான், ஸ்குவமாட்டாவில் இலையின் உள்பக்கமே வெள்ளி பூசியதாக இருக்கும்.

‘ப்ளூ ஸ்டார்’ என்பது ‘மெயெரி’ என்ற ரகத்திலிருந்து பிரிந்து வந்தது. சீனாவிலிருந்து மெயர் எலுமிச்சையை அமெரிக்காவுக்குக் கொண்டுபோன ஃபிராங்க் மெயர் இருக்கிறாரே, அந்த மெயர்தான் இந்த மெயெரி. போன்சாய்க்குக் கொஞ்சம் எரிச்சலான செடி. காய்ந்த இலையைச் சாமணம் வைத்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பழைய, இலையில்லாத கிளையை வெட்டினால் அங்கிருந்து துளிர்க்காது.

ஓமியா_ரயில் (சைதாமா, ஜப்பான்)

ஊசி இலை ஜூனிபர் என்றாலே எல்லோரும் நிறத்தில் ஆரம்பிக்கிறார்கள். நிறம் வெயிலுக்கும் உரத்துக்கும் குளிருக்கும் மாறும். புரோகம்பென்ஸே குளிர்காலத்தில் ஊதாப் பழுப்புக்குப் போகும். மாறாத ஒன்று, இலை குச்சியோடு சேரும் இடம்.

ஓர் ஊசியைச் சாமணத்தால் பிடித்துக் கீழ்நோக்கி இழுங்கள். கம்யூனிஸ், ரிஜிடா என்ற இரண்டு ஜூனிபர் இனங்களிலும் இலையடியில் ஒரு மூட்டு இருக்கும். அந்த இடத்தில் சுத்தமாகக் கழன்றுவிடும், குச்சியில் காயமே தெரியாது. புரோகம்பென்ஸ், சினென்சிஸ், ஸ்குவமாட்டா, ஹாரிஸாண்டாலிஸ், சபினா இவற்றில் மூட்டு கிடையாது. இலையின் அடிப்பாகம் குச்சி மேலேயே கீழே வழிந்து ஒட்டியிருக்கும். இழுத்தால் பச்சைத் தோல் ஒரு கீற்று சேர்ந்து உரிந்து வரும். பத்து மடங்கு லென்ஸ் இருந்தால் இழுக்கவே வேண்டாம், பார்த்தாலே தெரியும்.

மூட்டு உள்ள இந்த இரண்டிலும் வெள்ளைப் பட்டை ஒன்றுதான். கம்யூனிஸில் அது அகலம். ரிஜிடாவில் ஊசி நீளமாக, பள்ளமாக, அந்தப் பள்ளத்துக்குள் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடாக ஓடும். ஜப்பானில் ரிஜிடாவை ‘தோஷோ’ என்பார்கள். இலையைக் கிள்ளி வேலை செய்தால் கை முழுக்கச் சிவந்து தடிக்கும், நீளக் கை கையுறை இல்லாமல் யாரும் அதன் பக்கம் போவதில்லை. கம்யூனிஸின் காய்தான் ஜின் மதுவுக்கு வாசனை கொடுப்பது. ஐரோப்பா, வட அமெரிக்கா, மேற்கு இமயமலை என்று பரந்து கிடக்கும் இனம், ஆனால் தொட்டியில் சொன்ன பேச்சு கேட்காது.

வடலி

நன்றி அண்ணைமார். முதல் மரம்: கல்லைப் பெயர்த்தாச்சு. அடியில் வேர்மண் சுண்ணாம்புக் கட்டியாகக் கிடந்தது, நனைத்து வைத்திருக்கிறேன். பட்டைக்குள் பச்சை இருக்கு. ஊசி 7 மி.மீ., மூன்று மூன்றாக வருது. இழுத்தால் தோல் உரிந்து வருது. லென்ஸ் இல்லை, கைபேசி கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: வெளிப்பக்கம் அடியில் இரண்டு வெள்ளைப் புள்ளி இருக்கு! படம் போட்டிருக்கிறேன்.

நீலகிரிக்காரன்

தெளிவான படம். புரோகம்பென்ஸ் நானா. சந்தேகமே இல்லை.

ஒன்று மட்டும்: சில ஆசிரியர்கள் இதைத் தனி இனமாக வைக்காமல் சினென்சிஸின் ஒரு வகையாகச் சேர்ப்பார்கள். நர்சரிப் பட்டியலில் இரண்டு பெயரும் வரும். குழம்ப வேண்டாம், செடி ஒன்றுதான்.

மாடித்தோட்டம்_பல்லாவரம்

வணக்கம் ஐயா. என்னிடமும் ஜூனிபர் இருக்கிறது. தங்க மஞ்சள் நிறம், கூம்பு வடிவம், செதில் இலை. கசக்கினால் எலுமிச்சை வாசனை. என்ன ரகம்?

கம்பியும்_கத்தரியும்

அது ஜூனிபரே இல்லை சார். எலுமிச்சை வாசனை என்றால் ‘கோல்டுகிரெஸ்ட்’, அதாவது கலிபோர்னியாவின் மான்டரே சைப்ரஸ் மரத்தின் தங்க நிற ரகம்.

மாடித்தோட்டம்_பல்லாவரம்

ஜூனிபர் என்று சொல்லித்தானே கொடுத்தார்? விலையும் ஜூனிபர் விலைதான் வாங்கினார்.

நீலகிரிக்காரன்

கொடுத்தவரைச் சொல்லியும் பயனில்லை, நம் ஊரில் கிறிஸ்துமஸ் மரம் சாயலில் இருப்பதெல்லாம் ஒன்று சைப்ரஸ், இல்லையென்றால் ஜூனிபர். துஜாவையும் இதே பெயரில் விற்கிறார்கள். வீட்டு கேட்டுக்கு இரண்டு பக்கமும் நிற்குமே, அந்தத் துஜாவில் இலைக்கொத்து தட்டையாக, விசிறியைச் செங்குத்தாக நிறுத்திய வாக்கில் இருக்கும். காய் வந்துவிட்டால் பேச்சே இல்லை. துஜாவின் காய் கட்டையாகி, கொக்கி நுனிகளோடு வெடித்துத் திறக்கும். ஜூனிபரின் காய் சதைப்பற்றோடு உருண்டையாக, சாம்பல் பூத்து, மூடியே இருக்கும்.

இன்னொரு ஏமாற்று ஹினோக்கி. இலைக்கொத்தைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். செதில்கள் சந்திக்கும் இடத்தில் ஆங்கில Y வடிவில் வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் அது ஹினோக்கி சைப்ரஸ், ஜூனிபர் இல்லை.

சரி, வடலியின் இரண்டாவது மரத்துக்கு வருவோம். அதுதான் சுவாரசியமானது.

வடலி, ஒட்டு இல்லை, ஏமாற்றும் இல்லை. ஷிம்பாகு சேரும் சினென்சிஸ் (சீன ஜூனிபர்) குடும்பத்தில் ஒவ்வொரு மரமும் விதையிலிருந்து வரும்போது ஊசி இலையோடுதான் வரும். முதிர்ந்ததும் செதில் இலைக்கு மாறும். பலமாக வெட்டினால், வேரைக் குறைத்தால், நுனியெல்லாம் கிள்ளி எடுத்தால் மரம் மறுபடி சின்னப் பிள்ளை இலைக்குத் திரும்பும். நீங்கள் பெரிய கிளைகளைக் குறைத்த பிறகு வந்தது அந்த இலைதான். அதை வெட்டாதீர்கள். வெட்டினால் இன்னும் ஊசிதான் வரும். இரண்டு மூன்று வருடம் உரம், வெயில் கொடுத்து ஓடவிடுங்கள். நீளும் நுனிகளில் செதில் தானாகத் திரும்பும். அது நன்றாக நிலைத்த பிறகு ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம்.

அதனால்தான் ‘ஊசி இருந்தால் புரோகம்பென்ஸ், செதில் இருந்தால் ஷிம்பாகு’ என்ற சூத்திரத்தை நான் ஒப்புக்கொள்வதில்லை. அண்மையில் வெட்டுப்பட்ட ஷிம்பாகுவின் உள்கிளையை மட்டும் படம் எடுத்துப் போட்டால் நானே தடுமாறுவேன். மரத்தின் நுனி, உள்பக்கம், வெட்டுக் காயத்துக்குப் பக்கம் மூன்றையும் பார்த்தால்தான் சொல்லலாம்.

கம்பியும்_கத்தரியும்

அப்படியென்றால் இது இட்டோய்கவாவா, இல்லை இன்னொரு ஷிம்பாகு ரகமான கிஷுவா? படத்தைப் பார்த்தால் எனக்கு இட்டோய்கவா என்றே படுகிறது. நல்ல புல் பச்சை, செதில் மெலிசு, கொத்து இறுக்கமாக இருக்கிறது. கிஷு என்றால் கொஞ்சம் நீலம் தட்டும், செதில் ஒரு சுற்றுத் தடிமனாக இருக்கும். அதோடு கிஷு இவ்வளவு சுலபமாக ஊசிக்குத் திரும்பாது. ஊசி வந்ததே இட்டோய்கவாவுக்குச் சாட்சி இல்லையா?

ஓமியா_ரயில்

நண்பரே, நீங்கள் சொன்ன வேறுபாடெல்லாம் சரி. ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒற்றை மரத்துக்குப் பெயர் வைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

இட்டோய்கவா என்பது நீகதா மாகாணத்தில் கடலோர ஊர். அதன் பின்னால் மியோஜோ, குரோஹிமே என்ற சுண்ணாம்புக்கல் மலைகள். அந்தச் செங்குத்துப் பாறைகளில் காற்றாலும் பனியாலும் முறுக்கி வளர்ந்த ஷிம்பாகுகளை, கடந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், கயிற்றில் தொங்கிக்கொண்டு பெயர்த்து எடுத்தார்கள். விழுந்து செத்தவர்கள் உண்டு. மலையில் இப்போது எடுப்பதற்கு மரமே மிச்சமில்லை என்கிற நிலை. ஆக, இன்று ‘இட்டோய்கவா’ என்று விற்பவை அந்த மரங்களிலிருந்து குச்சி வெட்டிப் பெருக்கியவை. மலையில் இருந்த மரங்கள் எல்லாம் ஒன்றேபோல் இருந்ததில்லை. சிலது மெலிசு, சிலது தடிமன். இட்டோய்கவா என்ற ஒரே பெயருக்குள்ளேயே பல வம்சங்கள் இருக்கின்றன.

கிஷு என்பது கீ தீபகற்பத்துப் பக்கம். ஷிக்கோகு தீவில் இஷிசுச்சி மலையிலிருந்து வந்தவை தனி. ஹொக்கைதோவிலும் உண்டு. 1892-ல் ஜப்பான் போன சார்ல்ஸ் ஸ்ப்ராக் சார்ஜென்ட், ஹார்வர்டின் ஆர்னால்டு தாவரப் பூங்கா இயக்குநர், அங்கே சேகரித்ததால்தான் ஷிம்பாகுவுக்கு ‘சார்ஜென்டி’ என்ற தாவரவியல் பெயரே வந்தது. இத்தனை ஊர் மரமும் ஒரே வகை. நர்சரிக்காரர் வைத்த ஊர்ப் பெயர்தான் வித்தியாசம். தாய்மரம் எது என்று எழுதிய சீட்டு இல்லையென்றால் அது வெறும் ஷிம்பாகு. இங்கே போன்சாய்த் தோட்டங்களுக்குப் பேர்போன ஓமியாவில் பழம் தின்று கொட்டை போட்ட தோட்டக்காரர்களும், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ‘இது அது மாதிரி’ என்று சொல்வார்களே ஒழிய, தனியாக ஒரு நுனியைக் கையில் கொடுத்தால் சத்தியம் பண்ண மாட்டார்கள்.

கம்பியும்_கத்தரியும்

அப்படிப் பார்த்தால் எதற்குமே பெயர் சொல்ல முடியாதே? சந்தையில் இட்டோய்கவா என்றால் விலை ஏறுகிறது. பார்த்துச் சொல்ல ஓர் அளவுகோல் வேண்டாமா?

ஓமியா_ரயில்

விலை ஏறுவதால்தான் சொல்கிறேன். அந்தப் பெயருக்காகக் கூடுதல் பணம் கேட்டால் சீட்டைக் கேளுங்கள். இலையைப் பார்த்துவிட்டு, ‘மெலிசாக இருக்கிறது, இறுக்கமாக இருக்கிறது, எனக்குப் பிடித்திருக்கிறது’ என்று அந்த இலைக்காக வாங்குங்கள். போன்சாய்க்கு வேண்டியது அந்த இலைதான், பெயர் இல்லை.

நீலகிரிக்காரன்

இதில் நான் சைதாமாக்காரர் பக்கம். ஆனால் கம்பியும்_கத்தரியும் சொல்வதில் ஒன்று உண்மை: பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது வேறுபாடு பளிச்சென்று தெரியும். நம்பகமான கிஷு ஒன்றையும் இட்டோய்கவா ஒன்றையும் ஒரே வெயிலில், ஒரே மண்ணில் வைத்திருக்கிறவருக்கு மூன்றாவது மரத்தை அடையாளம் காண்பது சுலபம். கைபேசித் திரையில் பச்சை நிறத்தை நம்புவதுதான் பிரச்சினை. எடுத்த நேரம், மேகம், கேமரா எல்லாம் சேர்ந்து நீலத்தைப் பச்சையாக்கும்.

இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன், வடலி கேட்ட ஒட்டு விஷயம் இங்கேதான் பொருந்தும். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மலையிலும் பாலைவனத்திலும் எடுக்கும் பழைய ஜூனிபர்கள், கலிபோர்னிகா, ஸ்கோபுலோரம், ஆக்சிடென்டாலிஸ், இவற்றின் தண்டு அற்புதமாக இருக்கும், இலை முரடு. அதனால் அந்தத் தண்டில் இட்டோய்கவா அல்லது கிஷு குச்சியை ஒட்டு வைத்து, சில வருடத்தில் பழைய இலை முழுவதையும் மாற்றிவிடுவார்கள். இது திருட்டு வேலை இல்லை, வெளிப்படையாகச் செய்கிற தொழில்நுட்பம். ஜப்பானிலும் முரட்டு இலைத் தண்டுகளில் இதைச் செய்வதுண்டு. அப்படிப்பட்ட மரத்துக்கு ‘என்ன ரகம்’ என்று கேட்டால் இரண்டு பதில் சொல்ல வேண்டும்: தண்டுக்கு ஒன்று, இலைக்கு ஒன்று. கிளை தொடங்கும் இடத்தில் பட்டையின் நிறமும் உரியும் விதமும் சட்டென்று மாறுகிறதா என்று பார்த்தால் தெரியும். வடலியின் மரத்தில் அடியிலிருந்து நுனி வரை ஒரே செம்பழுப்புப் பட்டை, நீள நீளக் கீற்றாக உரிகிறது. அதோடு ஊசியும் செதிலும் ஒரே குச்சியில், ஒன்றிலிருந்து ஒன்று வளர்ந்திருக்கின்றன. ஒட்டாக இருந்தால் ஒரே குச்சியில் அப்படி வராது.

வடலி

அந்தக் கடைசி வரி எனக்குப் போதும் அண்ணை. ஓம், ஒரே குச்சியில்தான் இரண்டும் இருக்கு. அடியில் ஊசி, நுனியில் செதில்.

விற்றவரிடமும் கேட்டேன். தான் ஒரு நண்பரின் மரத்திலிருந்து குச்சி வெட்டி வளர்த்ததாம். அந்த மரத்துக்குச் சீட்டு இல்லையாம், ‘இலை மெலிசாக இருந்ததால் இட்டோய்கவா என்று நினைத்தேன்’ என்றார். ஆகவே சீட்டில் ‘ஷிம்பாகு’ என்று மட்டும் எழுதி வைத்துவிட்டேன்.

இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, நுனியைக் கையால் கிள்ளச் சொல்லி ஒரு காணொளியில் பார்த்தேன். சரியா? இரண்டு, இங்கே குளிர் மைனஸ் இருபதுக்குப் போகும். இரண்டையும் வீட்டுக்குள் எடுக்கவா?

நீலகிரிக்காரன்

கிள்ள வேண்டாம். நுனி முழுவதையும் கிள்ளினால் மரம் பலம் இழக்கும், பழைய கதையாக ஊசி வரும். நீண்டு வெளியே வந்த கொடியை மட்டும் பச்சைச் செதிலில் படாமல், குச்சியில் வைத்துக் கத்தரியால் வெட்டுங்கள். செதிலைக் குறுக்கே வெட்டினால் வெட்டிய இடம் பழுப்பாகும்.

குளிர் பற்றி உங்கள் ஊர்க்காரர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். பொதுவாக: வரவேற்பறை வேண்டவே வேண்டாம், இரண்டுக்கும் குளிர்கால உறக்கம் தேவை. இலைக்குக் குளிர் பெரிதில்லை. தொட்டிக்குள் இருக்கும் வேருக்கும், பனிக்காற்று இலையைக் காய வைப்பதற்கும்தான் பயப்பட வேண்டும். தொட்டியோடு தரையில் புதைத்து மேலே மரத்தூளோ சருகோ போட்டுக் காற்று மறைவில் வைக்கலாம், அல்லது சூடேற்றாத கராஜில் வைத்து மண் முழுக்கக் காயாமல் பார்த்துக்கொள்ளலாம்.

மாடித்தோட்டம்_பல்லாவரம்

ஐயா, என் கோல்டுகிரெஸ்ட் நுனியிலிருந்து காய ஆரம்பித்துவிட்டது. அதை விடுங்கள். சென்னையில் ஜூனிபர் நிஜமாகவே வளர்க்க முடியாதா? மாடியில் நல்ல வெயில் இருக்கிறது.

நீலகிரிக்காரன்

வெயில் பிரச்சினை இல்லை, இரவு குளிராததுதான் பிரச்சினை. பெங்களூரில் சினென்சிஸ் ரகங்கள் நன்றாகவே ஓடுகின்றன, நீலகிரி, கொடைக்கானல் பக்கம் இன்னும் நன்றாக. சென்னையில் முயற்சி செய்வதென்றால் புரோகம்பென்ஸ், ஸ்குவமாட்டா பக்கம் போகாதீர்கள். சினென்சிஸ் வகையில் ஏற்கெனவே உங்கள் ஊரிலேயே ஒரு கோடையைத் தாண்டிய செடியாகப் பார்த்து வாங்குங்கள். மலையிலிருந்து நேற்று லாரியில் இறங்கியது வேண்டாம். அது பச்சையாகத்தான் இருக்கும், நான் முன்னே சொன்னபடி ஜூனிபர் செத்த பிறகும் பச்சைதான்.

ஊசி இலை மரத்தின் தோற்றம்தான் வேண்டும் என்றால் சவுக்கு வையுங்கள். கடற்கரை உப்புக்காற்று, சென்னை வெயில் எல்லாம் அதற்குப் பழக்கம், வெட்டினால் துளிர்க்கும், கம்பிக்கு வளையும். அதில் நாம் ஊசி என்று நினைப்பது இலையே இல்லை, பச்சைக் குச்சி. ஒரு கணுவில் பிடித்து இழுத்துப் பிரித்து லென்ஸில் பாருங்கள், கணுவைச் சுற்றிப் பல் பல்லாகச் செதில் நிற்கும். அதுதான் சவுக்கின் இலை.